கொழும்பு வெயிலுக்குத் தாங்கும் விண்ட்சர்ஃபிங் பாய்: காசு போன பிறகு தெரிந்துகொண்டவை

விண்ட்சர்ஃபிங் என்பது பலகையில் நின்று, பாய்மரத்தில் பூட்டிய பாயால் காற்றைப் பிடித்துத் தண்ணீரில் ஓடும் விளையாட்டு. அந்தப் பாய் வாங்குவது பற்றித் தமிழில் விசாரிக்க எனக்கு ஆளே கிடைக்கவில்லை. பலகை வைத்திருப்பவர்கள் பலகையைப் பற்றிச் சொல்வார்கள். காற்றைப் பற்றி மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டால் நன்றாகவே சொல்வார்கள். ஆனால் பாய் எதனால் செய்யப்படுகிறது, இந்த நாட்டு வெயிலில் அது எத்தனை காலம் தாங்கும், பாவித்த பாயை எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்டால் எல்லோரும் கையை விரித்தார்கள். ஒரு லட்சம் ரூபாய்க்குக் கிட்ட இழந்து, தென்மேற்குக் காற்று அடிக்கும் ஒரு முழுச் சோளகப் பருவமும் கரையில் நின்று பார்த்த பிறகுதான் இந்த விஷயம் எனக்குப் பிடிபட்டது. கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது பொல்கொடையிலோ பெந்தோட்டையிலோ ஓடுகிற ஒருவருக்கு வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். போட்டிக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு, அது எனக்கு அனுபவமில்லாத இடம்.

நான் பழகியது பெந்தோட்டை ஆற்றில். அங்கே பயிற்சிக்குத் தந்த பாய்கள் டக்ரோன் என்று சொல்லப்படும் நெய்த பொலியெஸ்டர் துணியில் தைத்தவை. நிறம் மங்கி, ஓரங்களில் நூல் பிரிந்து, பார்க்க ஒரு அழகும் இல்லை. காலையிலிருந்து பின்னேரம் வரை மணலில் கிடக்கும், புதிதாகப் பழகுகிறவர்கள் அதன் மேலேயே விழுவார்கள், எழும்பிப் போவார்கள். அப்படியும் அவை ஓடின. பிறகு வந்த நாட்களில் அந்தப் பாய்களை நான் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன்.

சொந்தமாக ஒரு செட் இருந்தால் வெள்ளவத்தையிலிருந்து பெந்தோட்டைக்கு அலையத் தேவையில்லை, மொறட்டுவைப் பக்கம் பொல்கொடை ஏரியிலேயே ஓடலாம் என்று கணக்குப் போட்டேன். பலகையும் 430 சென்டிமீற்றர் பாய்மரமும் நல்ல விலைக்குக் கிடைத்துவிட்டன. பாய்க்காகத்தான் தேடித் திரிந்தேன். எனக்கு 58 கிலோ எடை. பொல்கொடையில் எனக்குக் கிடைக்கும் பின்னேரக் காற்றுக்கு 6 சதுர மீற்றர் சரியாக இருக்கும் என்று பயிற்சி தந்தவர் சொல்லியிருந்தார். தெரிந்தவர் மூலமாக, நாட்டை விட்டுப் போகிற ஒரு வெளிநாட்டுக்காரரின் 6 மீற்றர்ப் பாய் 75,000 ரூபாய்க்கு வந்தது. நடுவில் பெரிய தெளிவான ஜன்னல்கள், மேலேயும் கீழேயும் கடும் நிறங்கள். “இரண்டு வருடப் பாய், அதிகம் பாவிக்கவில்லை” என்றார். அவர் சொன்னது உண்மைதான், அவர் அதை அதிகம் தண்ணீருக்குக் கொண்டுபோகவில்லை. ஆனால் பாயைப் பாய்மரத்தில் பூட்டியபடியே தன் வீட்டு முற்றத்தில் மாதக்கணக்காகக் கிடத்தியிருந்தார் என்று அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அது தெரிந்தபோது அவர் நாட்டில் இல்லை.

அந்தப் பாய் சித்திரை மாதத்து ஒரு பின்னேரத்தில் ஏரி நடுவில் வெடித்தது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மேல் மாகாணத்தில் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை கட்டுவது இங்கே எல்லோருக்கும் தெரியும். மழைக்கு முன்னால் திடீரென்று ஒரு கடும் காற்று அடிக்கும். அந்தக் காற்று வந்தபோது நான் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். டப் என்று ஒரு சத்தம். கையால் பிடிக்கும் பூம் என்ற கம்பிக்குக் கீழே தொடங்கிய கிழிசல் ஒரே இழுப்பில், பாயை விறைப்பாக வைக்கும் குறுக்குக் குச்சியான அடுத்த பேட்டன் வரை போய், அங்கிருந்து குறுக்காகத் திரும்பி மறு ஓரம் வரைக்கும் ஓடியது. கையில் பூம் இருக்கிறது, பாய்மரம் இருக்கிறது, காற்றைப் பிடிக்கத்தான் ஒன்றும் இல்லை. பிலியந்தலைப் பக்கம் வானம் கறுத்து இடி கேட்கத் தொடங்கியது. என் பக்கத்தில் மின்னலைக் கடத்தக் கூடிய, நாலு மீற்றருக்கு மேல் நீளமான கார்பன் பாய்மரம் கிடந்தது.

அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. கை நடுங்கியதால் பாயைச் சுருட்டவும் முடியவில்லை. கிழிந்த பாயைப் பலகையின் பின்பக்கமாக இழுத்துப் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போட்டேன். காற்று என்னை நாணல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. வலை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் கண்டு வள்ளத்தைத் திருப்பி வந்தார். “நங்கி, பயப்படாதே” என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே பலகையைக் கயிற்றில் கட்டினார். அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் அம்மாவிடம் பாய் கிழிந்தது என்று மட்டும் சொன்னேன், மிச்சத்தைச் சொல்லப் பல நாள் மனம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாய் போனாலும் பாய்மரம் முறிந்தாலும் பலகையை மட்டும் விடக் கூடாது. பலகை மிதக்கும், நீங்கள் களைத்துப் போனாலும் அது மிதக்கும். நீந்திக் கரைக்குப் போகலாம் என்று தோன்றும், தூரம் கண்ணுக்குக் கிட்டத்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம். உதவி கேட்க வேண்டுமென்றால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஒரு விசிலும் தண்ணீர் புகாத பையில் ஃபோனும் உடம்போடு இருக்கட்டும். இடிச்சத்தம் கேட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

சரி, பாய் ஏன் அப்படிக் கிழிந்தது? அந்தத் தெளிவான ஜன்னல் மோனோபிலிம் என்ற பொலியெஸ்டர்த் தகடு. நெய்த துணி இல்லை, ஒரே தகடு. கனம் குறைவு, இழுபடாது, காற்று அடித்தவுடன் பாய் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே நின்று வெளியே தெளிவாகப் பார்க்கலாம். புதிதாக இருக்கும்போது நல்ல உறுதியானதும்கூட. ஆனால் உள்ளே குறுக்கு நூல் எதுவும் இல்லாததால், ஓரிடத்தில் ஒரு கீறல் பிடித்துவிட்டால் அதை நிறுத்த ஒன்றுமில்லை, தையல் வரும்வரை ஓடும். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப்பட்டு இந்தத் தகடு தன் வளையும் குணத்தை இழக்கிறது. முதலில் இளமஞ்சள் பூக்கும், பிறகு மடித்தால் அப்பளம் போல நொறுங்கும். அந்த நிலைக்கு வந்த பாயைப் பலத்த காற்றுத்தான் கிழிக்க வேண்டும் என்றில்லை. தண்ணீரில் விழும்போது முழங்கை பட்டாலே போதும்.

கொழும்பு இருப்பது வட அகலக்கோடு 7 பாகையில். புறஊதாச் சுட்டெண் வருடத்தில் பெரும்பகுதி நாட்கள் நடுப்பகலில் 11ஐத் தாண்டுகிறது, அதாவது மிகக் கடுமை என்று வகுத்திருக்கும் அளவு. ஐரோப்பாவில் ஒருவர் கோடையில் சனி, ஞாயிறுகளில் மட்டும் ஓடி, மிச்ச நாட்களில் கராஜில் சுருட்டி வைத்த ஐந்து வருடப் பாய், நம் கடற்கரையில் ஒரு வருடம் பூட்டியபடி கிடந்த பாயைவிடப் பல மடங்கு உயிரோடு இருக்கும். அதனால் பாவித்த பாய் விற்கிறவரிடம் எத்தனை வருடம் என்று கேட்டு நிறுத்தாதீர்கள். எங்கே வைத்திருந்தீர்கள், ஓடி முடிந்ததும் ஒவ்வொரு நாளும் கழற்றினீர்களா, வாடகைக்கு விட்டிருந்தீர்களா என்று கேளுங்கள். முடிந்தால் அந்த இடத்துக்கே போய்ப் பாருங்கள். மற்றப் பாய்கள் வெயிலில் பூட்டியபடி கிடந்தால் உங்களுக்கு விற்கிற பாயும் அப்படித்தான் கிடந்திருக்கும்.

பார்க்கும்போது எங்கே பார்ப்பது என்பதையும் சொல்கிறேன். பாயை விரித்து, நிழலான இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை ஜன்னலுக்குப் பின்னால் பிடியுங்கள். மஞ்சள் உடனே தெரியும். பிறகு வானத்துக்கு எதிராகப் பிடித்து, பாய்மரம் புகும் உறைக்குப் பக்கத்திலும் பேட்டன் பைகளின் ஓரத்திலும் பாருங்கள். மயிரளவு கோடுகள் வலையாக ஓடியிருந்தால் தகடு முடிந்துவிட்டது. தையல் ஓடுகிற இடத்தில் ஊசித் துளைக்கும் ஊசித் துளைக்கும் நடுவே சின்ன வெடிப்புகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், கிழிசல் பிறக்கும் இடம் அதுதான். அப்புறம் நூல். ஜன்னலைப் பார்க்கிறவர்கள்கூட நூலைப் பார்ப்பதில்லை. வெயில் அதிகம் பட்ட தையலை நகத்தால் நன்றாகச் சுரண்டுங்கள். நூல் பஞ்சாகிப் பிரிந்தாலோ அறுந்தாலோ, தகடு நன்றாக இருந்தாலும் பாய் தையல் வழியே திறந்துகொள்ளும். பேட்டன் பைகளின் முன்முனை, பாயின் அடி ஓரம், பூமைப் பாய்மரத்தில் பூட்டும் திறப்பு, உச்சித் தொப்பி, இந்த நாலும் உராய்வால் தேயும் இடங்கள், அங்கே தேய்வு இருந்தால் பரவாயில்லை, அதைத் தைக்கலாம். ஒரே ஒரு கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருந்தாலும் பயமில்லை. பல இடங்களில் வெவ்வேறு காலத்து ஒட்டுகள் இருந்தால் விட்டுவிடுங்கள். கடைசியாக, பாயைப் பாய்மரத்தில் பூட்டி, முழு இழுவையும் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பூட்டிக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கிழிந்த பாயைத் திருத்தத் திரிந்த கதை தனி. வெள்ளவத்தையில் சாதாரண தையல்காரர்கள் பார்த்துவிட்டு ஊசி போகாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். வாகன சீட் உறை தைக்கும் இடம் ஒன்றில் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துவிட்டுக் கிழமைக்கணக்காகத் தொடவில்லை. கடைசியில் தெஹிவளையில் ஓட்டோவுக்கு ஹூட் தைக்கும் ஒரு ஐயா எடுத்தார். அவரிடம் தடித்த ரெக்ஸின் தைக்கும் மெஷின் இருந்தது. கிழிந்த ஜன்னலை முழுதாக வெட்டி எடுத்து, நான் புறக்கோட்டையில் தேடி வாங்கிக் கொடுத்த தெளிவான தகட்டைப் போட்டு, அகலமான சிக்-சாக் தையல் அடித்தார். நெருக்கமாகத் தைத்தால் தபால் முத்திரைத் தாளில் இருப்பதுபோலத் துளைவரிசை விழுந்து அந்த வழியே கிழியும் என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். தகடும் கூலியுமாக 16,000 ரூபாய். தரும்போது, “மகள், நான் போட்டது நிக்கும், பக்கத்தில இருக்கிற பழசுக்கு நான் பொறுப்பில்ல” என்றார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. பூட்டி, பாயைக் கீழ்நோக்கி இறுக்கும் கயிறான டவுன்ஹோலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீரில் கால் வைக்க முன்னமே, புதுத் தகட்டுக்கு மேலே இருந்த பழைய ஜன்னல் பிளந்தது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. காசு மட்டும் காரணமில்லை. சோளகம் தொடங்கிவிட்டது, கற்பிட்டிப் பக்கம் காற்று நிற்காமல் அடிக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், நான் மட்டும் பாய் இல்லாமல் நிற்கிறேன். உயிர்ப்பான பாயில் கல் குத்தியோ, இடுப்பில் கட்டும் ஹார்னஸ் பட்டியின் கொக்கி குத்தியோ ஒரு ஜன்னல் கிழிந்தால் அதை மாற்றுவது நியாயம். வெயிலில் வெந்த பாயில் ஒரு ஜன்னலை மட்டும் மாற்றுவதற்குச் செலவழிக்கும் காசு திரும்பாது. ஒரே வெயில்தான் எல்லா ஜன்னலுக்கும் பட்டிருக்கிறது.

அந்தப் பருவம் போனது போனதுதான். அதற்குள் மூன்று விதப் பாய்களையும் கையால் தொட்டுப் பார்த்து, வைத்திருப்பவர்களிடம் கேட்டு, எனக்கென்று ஒரு முடிவுக்கு வந்தேன். மோனோபிலிம் பற்றிச் சொல்லிவிட்டேன். இரண்டாவது எக்ஸ்-பிளை. இரண்டு மெல்லிய பொலியெஸ்டர்ப் படலங்களுக்கு நடுவே நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியது, சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். கல் குத்தினால் இதிலும் ஓட்டை விழும். ஆனால் கிழிசல் அடுத்த நூலில் போய் நின்றுவிடும். அங்கே ஒட்டுப் போட்டுக்கொண்டு அன்றைக்கே திரும்பவும் ஓடலாம். அலையில் ஓடுகிறவர்களின் பாய்கள் பெரும்பாலும் முழுக்க இதில்தான் தைக்கப்படுகின்றன, அலை பாயைப் போட்டு அடிக்கும் அடிக்கு மோனோபிலிம் தாங்காது. வெயில் எக்ஸ்-பிளையையும் விடுவதில்லை. வருடம் போகப்போகப் படலம் மங்கும், நூலிலிருந்து பிரிந்து வெண்மையாகப் பொருக்குக் கட்டும். ஆனால் மெதுவாக, கண்ணுக்குத் தெரியும்படி பழுதாகும், ஏரி நடுவில் ஒரேயடியாகக் கைவிடாது. எனக்கு அதுதான் முக்கியம். குறைகளும் உண்டு: கொஞ்சம் கனம் கூட, விலை கூட, ஜன்னல் வழியே பார்வை அவ்வளவு தெளிவில்லை. வள்ளங்கள் போய்வருகிற இடத்தில் ஓடுகிறவர்கள் பார்வை விஷயத்தை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது டக்ரோன். நெய்த துணி என்பதால் கொஞ்சம் இழுபடும், கடும் காற்று அடிக்கும்போது அந்த இழுபாடு கைக்கு இதமாக இருக்கும். வெடிப்பதில்லை. எந்தத் தையல்காரரும் தைப்பார். தண்ணீரை உறிஞ்சும், பாய் விழுந்தால் தூக்கும்போது தோளுக்குத் தெரியும். மெல்லிய காற்றில் சோம்பலாக இருக்கும். பழகுகிறவர்களுக்கும் வீட்டில் பலர் மாறிமாறிப் பாவிக்கும் பாய்க்கும் இதைவிட நல்லது இல்லை என்பது என் எண்ணம். ஒன்றைக் கவனியுங்கள், டக்ரோன் பாய்களில் பார்ப்பதற்காக வைத்திருக்கும் ஜன்னல் சிலவற்றில் மென்மையான பிவிசி. அது வெயிலில் இறுகி வெடிக்கும். ஜன்னல் போனாலும் சுற்றியுள்ள துணி நிற்கும் என்பதால் அதை மாற்றுவது பெரிய வேலையில்லை.

இப்போது சந்தையில் உள்ள பொழுதுபோக்குப் பாய்களில் பல, கலப்பு. அடியிலும் உச்சியிலும் எக்ஸ்-பிளை, நடுவில் மோனோபிலிம். விளம்பரத்தில் எக்ஸ்-பிளை என்று போட்டிருந்தால் எந்தெந்தத் துண்டு என்று கேளுங்கள். கலப்புப் பாய் வாங்குவதென்றால் மோனோபிலிமின் தடிப்பைக் கேளுங்கள். அதை மில் என்ற அளவில் சொல்வார்கள், 5 மில் என்றால் ஏறக்குறைய 0.127 மில்லிமீற்றர். போட்டிப் பாய்களில் கனம் குறைக்க மெல்லிய தகடு போடுவதுண்டு, நமக்கு அது வேண்டாம். கேம்பர் என்ற கவட்டைத் துண்டுகள் உள்ள பாய்களும் எனக்குச் சரிவரவில்லை. அவை பாய்மரத்தைக் கவ்வி வடிவத்தைப் பிடித்துவைக்கும், வேகத்துக்கு நல்லது. ஆனால் பூட்டக் கூட நேரம், உறை அகலமானதால் விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பும், தேய்ந்து உடையும் பாகம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. உடைந்த பாகம் கொழும்பில் எங்கே வாங்குவது?

பாய்மரத்தின் பொருத்தத்தைச் சொல்லாமல் பாயின் ஆயுளைப் பற்றிக் கதைக்க முடியாது. பாயின் அடியில் சில எண்கள் அச்சடித்திருக்கும். நான் எடுத்த பாயில் முன்னோர நீளம் 442, பூம் 178, பாய்மரம் 430 என்று இருந்தது. 430 பாய்மரத்துக்கு அடியில் 12 சென்டிமீற்றர் நீட்டுக்குழாய் போட்டால் கணக்குச் சரி. பாய்மரத்தின் விறைப்பும் அதில் எழுதியிருக்கும், 430க்கு வழக்கமாக 21, 400க்கு 19. நீளமும் விறைப்பும் சரியாக இருந்தும் வளையும் விதம் மாறலாம். சிலது உச்சியில் விறைப்பாக, சிலது சீராக, சிலது உச்சியில் இளக்கமாக வளையும். பாய் ஒரு வளைவுக்கு வெட்டப்பட்டிருக்கும்போது வேறு வளைவுப் பாய்மரத்தைப் போட்டால், எவ்வளவு இழுத்தாலும் சுருக்கம் போகாது. அந்தச் சுருக்கம் விழும் இடத்தில்தான் தகடு சோர்ந்து முதலில் கிழிகிறது. அதனால் கையில் பாய்மரம் ஏற்கெனவே இருந்தால் அதற்கேற்ற பாயைத் தேடுங்கள். விற்கிறவர் எந்தப் பாய்மரத்திலும் ஓடும் என்று சொன்னால் உங்கள் பாய்மரத்தையே கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள்.

புதிதாக வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவும் விசாரித்தேன். பாய் மடிக்கக் கூடியது இல்லை, சுருட்டினால் ஆறடிக்குக் கிட்ட வரும், அதனால் அனுப்பும் கூலியே பயமுறுத்துகிறது. அதன் மேல் சுங்கத் தீர்வை, துறைமுக வரி, 18 வீதம் வற் வரி. வெளிநாட்டுக் கடையில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மகிழ வேண்டாம், கட்டுநாயக்கவிலிருந்து வெளியே வரும்போது என்ன விலை என்பதை ஒரு கிளியரிங் ஆளிடம் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். உத்தரவாதத் தாளையும் வாசியுங்கள். நான் வாசித்தவற்றில் வெயிலால் வரும் பழுது சேர்க்கப்படவே இல்லை.

இதில் எனக்கு மனம் கொதிக்கிற விஷயம் ஒன்று உண்டு. உலகம் முழுவதும் ஓடுகிறவர்கள் தேடி வாங்கும் எஸி (Ezzy) நிறுவனத்துப் பாய்கள் இலங்கையில்தான் தைக்கப்படுகின்றன. கப்பல் பாய்களுக்குப் பேர்போன நோர்த் செயில்ஸ் நிறுவனத்துக்கும் இங்கே பெரிய தையற்கூடம் இருக்கிறது. நம் ஊர்ப் பெண்களும் ஆண்களும் தைத்த தையல் ஹவாய் அலையில் நிற்கிறது. கொழும்பில் ஒரு கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து ஒரு பாய் வாங்கலாம் என்றால் எனக்கு அப்படியொரு கடை கிடைக்கவில்லை. இந்த விளையாட்டை இங்குள்ள பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது மாற வேண்டும். சுற்றி வர இவ்வளவு கடலும் களப்பும் இருக்கிற நாடு.

கடைசியில் நான் எடுத்தது பாவித்த, முழுக்க எக்ஸ்-பிளை போட்ட 5.8 மீற்றர்ப் பாய். விடுமுறைக்கு வந்த ஒருவர் தன்னோடு கொண்டுவந்து, திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார். 1,10,000 ரூபாய். வெள்ளைத் துணி, வானம், நகம், எல்லாம் வைத்துப் பார்த்தேன், அவர் சிரித்துக்கொண்டே பொறுமையாக நின்றார். என் 430 பாய்மரத்தில் அவரே பூட்டிக் காட்டினார், சுருக்கம் இல்லை. அதற்குப் பிறகு வந்த சோளகங்களையெல்லாம் இந்தப் பாய் தாண்டிவிட்டது. ஒருமுறை கரையோரக் கம்பி குத்தி ஒரு விரல் அகல ஓட்டை விழுந்தது, அது அங்கேயே நிற்கிறது.

பாயை வைத்திருக்கும் முறையில்தான் மிச்ச ஆயுள். ஓடாத நேரத்தில் வெயிலில் கிடத்தக் கூடாது. தேத்தண்ணீர் குடிக்கப் போகிற அரைமணி நேரத்துக்கும் நான் ஒரு பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடுவேன். முடிந்ததும் முதலில் பாயின் பின்முனையை இழுத்துப் பூமில் கட்டிய கயிறான அவுட்ஹோலைத் தளர்த்தி, பிறகு டவுன்ஹோலை விட வேண்டும். பூட்டும்போது இதன் எதிர்முறை. டவுன்ஹோலைக் குறைவாக இழுத்தால் பாய் பாரமாக இருக்கும், துணியும் தவறான இடத்தில் இழுபடும், ஆகவே பாயில் குறித்திருக்கும் அளவுக்கு இழுங்கள். கை வலித்தால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் சின்ன வின்ச் ஒன்று வாங்கலாம், வீண் செலவில்லை. மணலில் விரித்து இழுக்காதீர்கள், புல் இருந்தால் புல். கல்கிசையில் கடலில் ஓடினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில் காயவிட்டு, உச்சியிலிருந்து கீழ்நோக்கி, பேட்டன்களுக்கு இணையாக, இறுக்கி மடிப்பு விழாமல் சுருட்ட வேண்டும். உப்பு காய்ந்தால் பளிங்காகி, சுருட்டும்போது தகட்டைக் கீறும். ஈரத்தோடு பையில் போட்டால் கொழும்பின் ஈரக்காற்றில் இரண்டு நாளில் பூஞ்சணம். பூட்டிய காருக்குள் பகல் முழுவதும் வைக்க வேண்டாம், சூட்டில் தகடு நெளியும். எலியையும் மறக்காதீர்கள். எங்கள் கட்டிடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கூடாரத்தை எலி கடித்ததைப் பார்த்த பிறகு என் பாய் கட்டிலுக்கு மேலே சுவரில் இரண்டு கொக்கியில் தொங்குகிறது. அம்மா முதலில் முணுமுணுத்தார், இப்போது தூசி தட்டுவதும் அவர்தான்.

பையில் எப்போதும் ஒட்டு நாடா வைத்திருங்கள். பெட்டி ஒட்டும் நாடா வேண்டாம், அது நனைந்தால் விட்டுவிடும், பசை மட்டும் மிஞ்சும். பாய்க்கென்று விற்கும் தெளிவான நாடா வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிட்டால் கொண்டுவருவார்கள், எடையே இல்லை. ஒட்டும் இடத்தைக் கழுவிக் காயவைத்து, பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டால் துடைத்து, நாடாவின் மூலைகளை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். கூர் மூலை இருந்தால் அங்கிருந்தே கிளம்பும். பாயின் அடியோரம் பலகையில் உராய்கிற இடத்துக்கு ஒட்டும் டக்ரோன் துண்டு ஒன்றைப் புதிதிலேயே போட்டுவிட்டால் நல்லது.

விலை விஷயம் கடைசியாக. மஞ்சள் பூத்த, கோடு விழுந்த மோனோபிலிம் பாயை யாராவது 50,000, 60,000 என்று சொன்னால், அதில் பெறுமதி உள்ளது பேட்டன்களும் பையும் மட்டும்தான், அதற்கு நான் 8,000க்கு மேல் கொடுக்க மாட்டேன். கிழிந்த என் பாயிலிருந்து பேட்டன்களைக் கழற்றி வைத்திருக்கிறேன். நீளமானதை வாங்கித் தடித்த பக்கத்தில் வாளால் அறுத்து அளவாக்கி, வெட்டிய முனையை மணல்தாளால் மழுக்கிப் பாவிக்கலாம். நீளமானவை இரண்டு இன்னும் என்னிடம் மிச்சம். 6 மீற்றர்ப் பாய்க்குப் பேட்டன் உடைந்து யாராவது இருந்தால், காசு வேண்டாம், வெள்ளவத்தைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம்.